அம்மாவின் மருந்துப் பை: துபாய் வழியாக டோக்கியோ

புறப்பட 62 நாள்

அக்காவுக்கு டோக்கியோவில் பிரசவம். அம்மாவை அழைத்துக்கொண்டு நான் போகிறேன். போகும் வழியில் துபாயில் சித்தியோடு மூன்று நாள், பிறகு ஜப்பானில் ஆறு வாரம். ஆக மொத்தம் 45 நாள். திரும்பும்போது டோக்கியோவிலிருந்து நேராக வீடு.

டிக்கெட் போட்ட அன்றே அம்மாவின் மருந்து டப்பாவைக் கவிழ்த்துக் கட்டிலில் பரப்பினேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, இரவில் கிளார்ஜின் இன்சுலின் பேனா. கால் எரிச்சலுக்கு பிரிகாபலின். தூக்கத்துக்கு சோல்பிடெம் 5 மி.கி. முழங்கால் வலி தாங்காத நாளுக்கென்று டிரமடால் அரை அட்டை. எப்போதோ வாங்கிய கோடீன் கலந்த இருமல் சிரப். ஏழெட்டு ஆண்டாக இந்த வீட்டில் இருக்கிற சாமான்கள். இவற்றில் நான்கு, போகிற நாட்டின் சட்டத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மருந்துக் கடையில் நாம் கேட்பது பிராண்ட் பெயர். சட்டம் பார்ப்பது உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் பெயர். எனவே முதல் வேலையாக ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை ஒரு தாளில் எழுதினேன். உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் இப்படி ஒவ்வொரு மருந்துப் பொருளுக்கும் ஒரே பொதுப்பெயரைப் பட்டியலிட்டு வருகிறது. எந்த நாட்டில் கேட்டாலும் அந்தப் பெயர் செல்லும். பிராண்டை நம்பிப் போனால் ஆபத்தும் உண்டு. ஃப்ளோமாக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பது ப்ராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். அதே பெயரில் இத்தாலியில் விற்றது வலிக்கும் வீக்கத்துக்குமான வேறொரு மருந்து. இதைச் சொல்லி அமெரிக்க மருந்து ஆணையம் 2006இல் எச்சரிக்கையே விட்டது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாடு நாடாகத் தேடினேன். மருந்துக் கட்டுப்பாடுகளுக்கு அடித்தளமாக இரண்டு சர்வதேச உடன்படிக்கைகள் இருக்கின்றன. மார்ஃபின், கோடீன் போன்றவற்றுக்கு 1961இல் வந்தது. தூக்க மருந்து, பதற்ற மருந்து போன்றவற்றுக்கு 1971இல் வந்தது. அம்மாவின் சோல்பிடெம் இரண்டாவதில் நான்காம் பட்டியலில் இருக்கிறது. வியன்னாவில் இருக்கும் சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் பயணிகளுக்காக நாடுவாரியாக விதிகளைத் திரட்டி வைத்திருக்கிறது. தேடலை அங்கே தொடங்கலாம், ஆனால் அங்கேயே முடிக்கக் கூடாது. டிரமடாலும் பிரிகாபலினும் அந்த இரண்டு உடன்படிக்கையிலும் இல்லை. ஆனாலும் அமீரகத்தில் இரண்டுமே கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பிரிட்டன் 2019 ஏப்ரலிலிருந்து பிரிகாபலினைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஜப்பானில் அதே பிரிகாபலின் சாதாரண மருந்துச் சீட்டு மருந்து. ஒரு நாட்டுக்குச் சரியாக இருந்தது அடுத்த நாட்டுக்கும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடவே கூடாது.

புறப்பட 50 நாள்

டாக்டரைப் பார்த்தோம். தாளைக் காட்டியதும் அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிரமடாலை அம்மா கடைசியாகப் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. இந்தப் பயணத்துக்கு அது வேண்டாம், வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்றார். கோடீன் சிரப்பைக் குப்பையில் போடச் சொன்னார். பிரிகாபலினையும் சோல்பிடெமையும் நிறுத்தக் கூடாது என்று உறுதியாகச் சொன்னார். பிரிகாபலினைத் திடீரென்று விட்டால் உடம்பு படுத்திவிடும்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன். "வெளிநாட்டுல பிடிச்சுப்பாங்க, எடுத்துட்டுப் போகாதீங்க" என்று அம்மாவிடம் நான்கு பேராவது சொல்லியிருப்பார்கள். அம்மாவும் பயந்துபோய், "ஒன்றரை மாசம்தானே, நான் சமாளிச்சுக்கிறேன்டி" என்று ஆரம்பித்துவிட்டார். பயத்தில் மருந்தை வீட்டில் விட்டுவிட்டுப் போவது விதியை மீறுவதைவிடப் பெரிய ஆபத்தாக முடியலாம். பெரும்பாலான நாடுகளில் நோயாளிக்கு வழி வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் தந்த கடிதத்தில் நோய் என்ன, மருந்தின் மூலப்பெயர், ஒரு வேளை அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை, அவருடைய பதிவு எண் எல்லாம் இருந்தன. வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டபோதுதான் கவனித்தேன்: கடிதத்தில் அம்மாவின் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கடைசியில் நிற்கிறது. நமக்கு இரண்டும் ஒரே ஆள். கடிதத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றி வாங்க மறுபடி ஒரு நடை போனேன். நம் பெயர் வழக்கம் தெரியாத ஒருவர் கவுண்டரில் உட்கார்ந்து அதைப் படிக்கப் போகிறார். ஒரு நடைதானே.

புறப்பட 41 நாள்

அமீரகத்துக்கு அந்நாட்டு அரசின் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டாயிற்று. பிரிகாபலின், சோல்பிடெம் இரண்டுக்கும். பாஸ்போர்ட் நகல், மருந்துச் சீட்டு, மருத்துவ அறிக்கை எல்லாம் ஏற்ற வேண்டியிருந்தது.

ஜப்பான் விஷயம் இன்னும் நுணுக்கம். அங்கே மருந்துச் சீட்டு மருந்து ஒரு மாத அளவு வரைக்கும் எந்தச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுபோகலாம். கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிற மருந்து என்றால் இரண்டு மாதம். தானே போட்டுக்கொள்கிற ஊசி மருந்துப் பேனாவுக்கும் ஒரு மாதம்தான். அதற்கு மேல் என்றால் "யுன்யு ககுனின்-ஷோ" என்கிற இறக்குமதி உறுதிச் சான்றிதழ் வேண்டும். 2020 வரைக்கும் இதன் பெயர் "யக்கான் ஷோமேய்". பழைய பயணக் குறிப்புகளில் அந்தப் பெயரே இருக்கும், இரண்டும் ஒன்றுதான். எந்த விமான நிலையத்தில் இறங்குகிறோமோ அந்த வட்டாரத்துப் பணியகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் நரிதாவில் இறங்குகிறோம், அது கான்தோ-ஷின்எத்சு வட்டாரம். ஒசாகாவின் கான்சாய் என்றால் கின்கி வட்டாரம்.

தூக்க மாத்திரைக்கும் பதற்ற மாத்திரைக்கும் அங்கே தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. மருந்தின் மொத்த எடையை வைத்து எல்லை கட்டியிருக்கிறார்கள். சோல்பிடெமுக்கு 300 மி.கி., டயசிபாமுக்கு 1.2 கிராம், அல்பிரசோலாமுக்கு 72 மி.கி. அதைத் தாண்டினாலோ, மருந்து ஊசியாக இருந்தாலோ, சிகிச்சைக்குத் தேவை என்று காட்டும் டாக்டரின் ஆவணம் கையில் இருந்தே ஆக வேண்டும். அம்மாவுக்கு 5 மி.கி. வீதம் 52 மாத்திரை என்று கணக்குப் போட்டிருந்தேன், 260 மி.கி. எல்லைக்குள்தான். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் என்பதால் மற்ற மருந்துகளோடு அதையும் விண்ணப்பத்தில் எழுதினேன்.

அக்கா போனில் கேட்டாள்: "சளிக்கு நம்ம வீட்ல எப்பவும் வாங்குவோமே, அந்த மாத்திரை ரெண்டு அட்டை போட்டு எடுத்துட்டு வா. இங்க கிடைக்கிறது எனக்குக் கேக்கவே மாட்டேங்குது." பின்பக்கம் பார்த்தேன். சூடோஎஃபெட்ரின். அது 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானில் ஊக்க மருந்தின் மூலப்பொருளாகக் கணக்கு. முடியாது என்றேன். அவள் இருக்கிற நிலையில் அங்குள்ள டாக்டரைக் கேட்காமல் எதையும் போடவும் கூடாது. அங்கே கண்டிப்பு இன்னும் அதிகமான இடமும் உண்டு. கவனக் குறைபாட்டுக்குப் பல நாடுகளில் கொடுக்கும் ஆம்ஃபெடமின் மாத்திரையை எந்த டாக்டர் கடிதத்தோடும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. முன்அனுமதி என்ற பேச்சே கிடையாது. அந்த மருந்து எடுக்கிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

புறப்பட 19 நாள்

சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஒரு முறை மட்டும் திருப்பிக் கேட்டிருந்தார்கள், இன்சுலின் பேனா ஒன்றில் எத்தனை மி.லி. என்று. 3 மி.லி., 300 யூனிட் என்று எழுதி அனுப்பினேன். அமீரகத்து அனுமதியும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்தேன். போனில் இருந்தால் போதாதா என்று தம்பி கேட்டான். இருபது மணி நேரப் பயணத்தின் முடிவில் போன் செத்துக் கிடக்கும்போது காகிதம் பேசும்.

முந்தைய இரவு

மருந்துகளை எண்ணி அடுக்கும்போது ஒரு சங்கடம். சோல்பிடெம் 52 என்றால் பத்துப் பத்தாக ஐந்து முழு அட்டை, கூட ஒரு துண்டு. அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கத்தரியால் வெட்டிய ஓரம். வெள்ளி நிறத் தகட்டில் மூலப்பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. காலாவதித் தேதி, தொகுப்பு எண் எல்லாம் வெட்டுப்பட்ட மறுபாதியோடு போய்விட்டன. உள்ளே இரண்டு வெள்ளை மாத்திரை. இது என்ன மருந்து என்று கேட்டால் என் வாய்வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. துண்டை எடுத்து வைத்துவிட்டேன். 50 போதும். எல்லா மருந்தையும் முழு அட்டையாக, அதனதன் பெட்டியோடு வைத்தேன். அம்மா வாரக் கிழமை போட்ட மாத்திரை டப்பாவை நீட்டினார். அது காலியாக வரட்டும், போய்ச் சேர்ந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்றேன்.

இன்சுலின் கணக்கு: இரவு 22 யூனிட், ஒவ்வொரு முறையும் ஊசி சோதிக்க 2 யூனிட் வெளியே. ஒரு நாளைக்கு 24. ஐம்பது நாளைக்கு 1,200. நான்கு பேனா சரியாகப் போதும், ஒன்று உபரி, ஆக ஐந்து. எல்லாம் கைப்பையில்தான். செக்-இன் பெட்டி தொலைந்தால் போச்சு என்பது ஒரு காரணம். விமானத்தின் அடிவயிற்றில் குளிர் அதிகமாகி இன்சுலின் உறைந்துவிடலாம் என்பது இன்னொன்று.

நாள் 1

பாதுகாப்புச் சோதனையில் பையைத் தட்டில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: இன்சுலின், ஊசி, ஜெல் பை இருக்கின்றன, டாக்டர் கடிதம் இதோ. 2006இலிருந்து விமானத்தில் இருக்கும் 100 மி.லி. திரவக் கட்டுப்பாட்டில் பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு விலக்கு உண்டு. ஆனால் நாமாகச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம், அவர்கள் கண்டுபிடித்துக் கேட்டால் பத்து நிமிடம் ஆகிறது.

ஊசி நேரம் பற்றி டாக்டர் ஒரு அட்டவணையே போட்டுத் தந்திருந்தார், எந்த விமானத்தில் எந்த ஊர் மணிக்கு என்று. கிழக்கே பறந்தால் நாள் சுருங்கும், மேற்கே பறந்தால் நீளும். அம்மாவின் கடிகாரத்தைப் பழைய நேரத்திலேயே விட்டுவிட்டு என் கடிகாரத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். அது உதவியாக இருந்தது.

துபாயில் இறங்கி, சாமான் எடுத்து, அறிவிக்க வேண்டியவர்கள் போகும் சிவப்பு வழியில் போனோம். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி அனுமதிக் கடிதத்தை வாங்கி, பெட்டிகளைத் திறந்து, அட்டையில் இருக்கும் பெயரையும் கடிதத்தில் இருக்கும் பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மாத்திரைகளை எண்ணினார். அம்மாவைப் பார்த்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஆறு நிமிடம்.

நாள் 2

சித்தி வீட்டில் இடம் போதாது என்று பக்கத்தில் அறை எடுத்திருந்தோம். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை வெளியே வைத்துவிட்டு, மீதி நான்கையும் நேற்று இரவு அறையின் சின்ன ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரண்டு கதவில். இரண்டு உள்தட்டில், பின்சுவரோடு ஒட்டி.

காலையில் எடுத்துப் பார்த்தால் பின்சுவரில் பனி படிந்திருக்கிறது. ஒட்டியிருந்த பேனா ஒன்றின் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டிய மருந்துக்குள் நூல் நூலாகப் பனி. இன்னொன்றிலும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் கரைந்து மறுபடி தெளிவாகிவிட்டது, பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு முறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. வேலை செய்யுமா செய்யாதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிந்த நான், அந்த 2-ஐ மறந்து 8-ஐ மட்டும் நினைத்திருக்கிறேன். இரண்டையும் நாடா ஒட்டித் தனியே வைத்தேன், தவறியும் அம்மா கைக்குப் போகாதபடி.

கதவில் இருந்த இரண்டும் நன்றாக இருந்தன. பயன்பாட்டில் இருப்பதையும் சேர்த்தால் சுமார் 36 நாளைக்கு வரும். இன்னும் 43 நாள் பாக்கி. இங்கேயே வாங்கலாமா என்று யோசித்தோம். வாங்கினால் பிராண்ட் மாறும். ஜப்பான் சான்றிதழில் எழுதியிருப்பது ஒன்று, கையில் இருப்பது ஒன்று என்றாகும். பற்றாக்குறை கடைசி வாரத்துக்குத்தான். அங்கே போய் டாக்டரைப் பார்த்து வாங்குவது என்று முடிவு. எல்லா ஃப்ரிட்ஜிலும் இனி நடுத்தட்டு, சின்ன ஃப்ரிட்ஜ் என்றால் கதவு, அதுவும் ஒரு துணிப்பைக்குள்.

நாள் 3

சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஊரிலிருந்து அவருடைய மருமகன் வருகிறார். முதுகு வலிக்கு டிரமடால் நூறு மாத்திரை வாங்கி வரச் சொல்லலாமா என்று என்னைக் கேட்டார், நான் இதையெல்லாம் தேடிப் படித்தவள் என்று சித்தி சொல்லியிருக்கிறார். வேண்டவே வேண்டாம் என்றேன். 2017இல் எகிப்துக்குச் சுற்றுலா போன பிரிட்டன் பெண் ஒருவரின் பெட்டியில் 290 டிரமடால் மாத்திரை இருந்தது. துணைவரின் முதுகு வலிக்காகக் கொண்டுவந்தேன், அது அங்கே தடை என்று தெரியாது என்றார். மூன்று ஆண்டுச் சிறை விதித்தார்கள். அவர் தன் வீட்டில் சகஜமாகப் பார்த்த மாத்திரை அது. அடுத்தவர் மருந்தைச் சுமந்து போகிறவருக்குக் காட்ட ஒரு சீட்டுகூட இருக்காது. சீட்டில் இருப்பது வேறொருவர் பெயர். வந்தவருக்கு உள்ளூர் டாக்டரைப் பார்ப்பதுதான் வழி என்று சொல்லி, சித்தியும் நானும் அவருக்கு அங்கேயே நேரம் வாங்கிக் கொடுத்தோம். மருமகனுக்கு நடக்காமல் போன ஒன்றை நினைத்து இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

நாள் 4

நரிதா. இறங்குவதற்கு அரை மணி முன்னால் ஆவணங்களை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். படித்ததும் நெஞ்சு பக்கென்றது. மனத்தின் மேல் செயல்படும் மருந்துகளை நோயாளியே தன் கையில் கொண்டுவர வேண்டும். வேறொருவர் கொண்டுவரக் கூடாது, தபாலிலும் வரவழைக்கக் கூடாது. சோல்பிடெம் பெட்டி என் தோள்பையில் இருந்தது. அம்மாவுக்குப் பாரம் வேண்டாம் என்று நான்தான் எல்லாவற்றையும் என் பையில் போட்டிருந்தேன்.

அம்மாவின் கைப்பையில் மாற்றினேன். "எதுக்கு இப்ப?" என்றார். சொன்னேன். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தபால் என்றதும் 2015இல் டோக்கியோவில் நடந்தது நினைவுக்கு வரும். டொயோட்டாவின் உயர் அதிகாரியாகப் புதிதாகப் பொறுப்பேற்ற ஜூலி ஹாம்ப் என்ற அமெரிக்கர், பார்சலில் வந்த ஆக்ஸிகோடோன் வலி மாத்திரைகளுக்காக ஜூன் மாதம் கைதானார். மூன்று வாரத்துக்குப் பிறகு வழக்குப் போடாமல் விடுவித்தார்கள். அதற்குள் பதவியை விட்டுவிட்டார். அமெரிக்காவில் டாக்டர் எழுதித் தருகிற மருந்துதான் அது. ஜப்பானுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் போதைமருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் முன்பே எழுதி அனுமதி வாங்க வேண்டும். மார்ஃபினுக்கும் ஃபென்டனிலுக்கும் அதே கதைதான். புற்றுநோய் வலிக்கு இவற்றை நம்பி வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் பயணம் போகலாம், போகவும் வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு மட்டும் நாள் ஒதுக்கிவிட வேண்டும்.

கஸ்டம்ஸ் மேசையில் சான்றிதழை இரு கையால் வாங்கிப் படித்தார் அந்த இளம் அதிகாரி. பேனா ஐந்து என்று இருக்கிறதே, மூன்றுதானே என்றார். உறைந்த கதையைச் சொன்னேன். குறைவாக இருப்பதில் சிக்கல் இல்லை என்று தலையாட்டினார். சோல்பிடெம் யாருடையது என்று கேட்டபோது அம்மா தன் பையைத் திறந்து தானே எடுத்துக் காட்டினார்.

நாள் 5

அக்கா வீடு. தூக்கம்.

நாள் 12

குழந்தை பிறந்து மூன்று நாள். பெண். எல்லாரும் நலம்.

நாள் 15

இன்சுலினுக்காகக் கிளினிக் போனோம். ஜப்பானில் வெளிநாட்டு மருந்துச் சீட்டை எந்த மருந்துக் கடையும் ஏற்காது; அங்குள்ள டாக்டர் எழுத வேண்டும். நாங்கள் அங்கே காப்பீடு இல்லாதவர்கள், முழுத் தொகையும் கையிலிருந்துதான். டாக்டர் கடிதத்தில் மூலப்பெயர் இருந்ததால் பேச்சு சுலபமாக முடிந்தது. "இன்சுலின் கிளார்ஜின், 22 யூனிட், இரவு" என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். எழுதிக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: இந்தச் சீட்டு எழுதிய நாளையும் சேர்த்து நான்கு நாள்தான் செல்லும். அப்படியே பக்கத்து மருந்துக் கடைக்குப் போனோம்.

அங்கேதான் எனக்கு உண்மையிலேயே நடுக்கம் வந்தது. அலமாரியில் லாண்டஸ் என்று ஒரு பேனா, லாண்டஸ் எக்ஸ்ஆர் என்று இன்னொன்று. இரண்டிலும் இருப்பது கிளார்ஜின்தான். முதலாவது ஒரு மி.லி.க்கு 100 யூனிட். இரண்டாவது 300 யூனிட். மற்ற நாடுகளில் டூஜியோ என்று விற்பது. பேனாவில் நாம் சுற்றுவது யூனிட் கணக்கு என்பதால் மூன்று மடங்கு உடம்பில் ஏறிவிடாது. ஆனாலும் இரண்டும் வேலை செய்கிற விதம் வேறு, டாக்டர் சொல்லாமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக் கூடாது. பெயரை மட்டும் தெரிந்துகொண்டு போய்க் கேட்டிருந்தால் நான் எதைக் காட்டியிருப்பேனோ.

குப்பியும் சிரிஞ்சுமாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது. இந்தியாவில் இன்சுலின் குப்பி இன்னும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் என்ற வகையில் விற்கிறது, அதற்கென்று சிவப்பு மூடி சிரிஞ்ச். பெரும்பாலான நாடுகளில் குப்பி 100 யூனிட். இங்கிருந்து கொண்டுபோன 40 சிரிஞ்சில் அங்கே வாங்கிய 100 மருந்தை வழக்கமான கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. சர்க்கரை தடாலென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். குப்பி மாறினால் சிரிஞ்சும் மாற வேண்டும். இதை வீட்டில் இன்சுலின் போடுகிற யாராவது வெளிநாடு புறப்பட்டால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

மருந்தாளுநர் ஒரு அம்மாள், ஐம்பது வயது இருக்கும். எழுதிக் கொடுத்தது 100 யூனிட் கிளார்ஜினின் உள்ளூர் தயாரிப்பு. புதுப் பேனாவை அம்மாவின் கையில் கொடுத்து, சுற்றிக் காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மா ஒவ்வொரு 'டிக்'காக எண்ணிச் சுற்றினார், உதடு அசைய. 22இல் நிறுத்தினார். அந்த அம்மாள் குனிந்து எண்ணைப் பார்த்து, விரலால் வட்டம் போட்டு "சரி" என்று சைகை காட்டினார். எங்களிடம் இருந்த ஊசி முனை அதிலும் பொருந்துகிறதா என்று ஒன்றைத் திருகிப் பார்த்துவிட்டே விட்டார்.

கடைசியில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். "ஒகுசுரி தெச்சோ", மருந்துக் கையேடு. எந்தக் கடையில் எந்த மருந்து வாங்கினாலும் அதன் ஒட்டுச் சீட்டை அதில் ஒட்டிவிடுவார்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். 2011 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் வீடு இழந்து வந்தவர்களுக்கு, வழக்கமான மருந்தைத் தொடர்ந்து கொடுக்க இந்தப் புத்தகம் கைகொடுத்தது. நம் அம்மாக்கள் எல்லாருடைய கைப்பையிலும் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று மனதாரத் தோன்றியது.

நாள் 27

அம்மாவுக்குக் காய்ச்சல் காய்ந்தது. கொண்டுவந்த பாராசிட்டமால் தீர்ந்திருந்தது. கடையில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை; அசெட்டமினோஃபென் என்று கேட்க வேண்டும், அமெரிக்காவில் போலவே. பொருள் ஒன்றுதான். ஆனால் சளி மருந்துகள் பலவற்றிலும் இது கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் கல்லீரலுக்குக் கேடு. தனி மாத்திரையாகவே வாங்கினேன். இரண்டாம் நாள் சரியாகிவிட்டது. குழந்தை இருக்கும் அறைக்குள் போகாமல் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம்.

நாள் 44

நாளை விமானம். கட்டிலில் மறுபடி எல்லாவற்றையும் பரப்பினோம். சோல்பிடெம் ஏழு பாக்கி. அதில் இன்று இரவுக்கு ஒன்று. அட்டையில் பெயரும் தேதியும் இருக்கும் பக்கம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தேன். கடைசி மாத்திரைகளை அந்தப் பக்கத்தில் மிச்சம் வைத்துத்தான் அம்மா இத்தனை நாளும் மறுகோடியிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். நான் சொல்லவே இல்லை.

ஜப்பான் இன்சுலின் பேனாவில் பாதி மீதி இருக்கிறது. நம் டாக்டர் கடிதத்தில் அந்தப் பெயர் இல்லையே என்று யோசித்தேன். மருந்துக் கடையில் கொடுத்த தாளில் பேனாவின் வண்ணப் படம், அளவு, அம்மாவின் பெயர் எல்லாம் இருந்தன. அதை மடித்துக் கையேட்டுக்குள் வைத்தேன். பயன்படுத்திய ஊசி முனைகளைப் போட்டுவைத்த கெட்டி பிளாஸ்டிக் புட்டியை மாலையில் அந்தக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம், வாங்கிக்கொண்டார்கள்.

அம்மா சோல்பிடெமை எடுத்துத் தன் கைப்பையின் ஜிப்புக்குள் வைத்தார். கையேட்டைக் கேட்டு வாங்கி அதோடு வைத்தார். பிறகு பேத்தியைத் தூக்கப் போய்விட்டார்.